ஏற்காட்டுக்கு முந்தின ராத்திரி

பார்த்து ஏறுங்கள், மாடிப்படியில் விளக்கு கிடையாது. கொடியில் தொங்கும் துண்டை விலக்கிவிட்டு இப்படி ஓரமாக உட்கார்ந்துகொள்ளுங்கள். சேலம் அம்மாபேட்டையில் ஒரு மொட்டைமாடி. மே மாதத்து வெயில் போன பிறகும், ராத்திரி ஒன்பது மணிக்குத் தரை சுடுகிறது. பாய் விரித்து, நடுவில் ஒரு சொம்பு நீர்மோரும் ஒரு தட்டு மல்கோவாத் துண்டும் வைத்துக்கொண்டு, பெரியவர்கள் ஏழு பேரும் பிள்ளைகள் ஐந்து பேரும் கூடியிருக்கிறார்கள். நாளைக்கு ஏற்காடு!

எதிர்வீட்டுக்காரன் என்ற ஒரே தகுதியில் எனக்கு உள்ளே அனுமதி. "வேன்ல ஒரு சீட்டு சும்மாதான் கெடக்குது, நீங்களும் வாங்க" என்று வீட்டுப் பெரியம்மா சொன்னதுதான் தாமதம், தலையாட்டிவிட்டேன். பிள்ளைகள் அவரை அம்மாயி என்று கூப்பிடுவதால் தெருவே அப்படித்தான் கூப்பிடும். மலை எங்கே ஓடிவிடப் போகிறது? ஒரு குடும்பம் மலைக்குப் புறப்படுகிற கூத்தை ஒப்பனை அறைக்குள்ளேயே நின்று பார்க்கும் பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்? நாளை சாயங்காலம் சொந்தக்காரர்களின் போனில் ஸ்டேட்டஸாக வரப்போவது, ஏரிக்கரையில் பன்னிரண்டு பேர் பல்லைக் காட்டி நிற்கும் ஒரே ஒரு படம். அதற்குப் பின்னால் இருக்கிற வேர்வையை நாம் இப்போது பார்க்கப்போகிறோம்.

முதல் சண்டை, எந்த மலை என்பதில். சென்னையிலிருந்து வந்திருந்த மூத்த மருமகன் ஊட்டி என்று ஆரம்பித்தார். "ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுக்கோணும் சகலை" என்றார் இளையவர், போனிலிருந்து தலையைத் தூக்காமலே. உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் நடப்பில் இருக்கிற ஏற்பாடு அது. தவிர, காலையில் போய் ராத்திரி வீடு திரும்ப ஊட்டி கொஞ்சம் தூரம். அடுத்து கொல்லிமலை. அந்தப் பேச்சு வந்ததும் மாடியில் இருந்த எல்லாரும் ஒரே பையனைத் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாம் வகுப்பு முடித்த நடுப்பயல். அவன் வண்டியேறினால் வாந்தி; வீட்டில் எல்லாரும் ஒப்புக்கொண்ட சங்கதி.

"கொல்லிமலைக்கு எத்தனை வளைவு?" என்று ஈனக்குரலில் அவனே கேட்டான்.

"எழுபது."

பையன் மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். ஏற்காட்டுக்கு இருபதே இருபது. அதுவும் வீட்டு வாசலிலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

மேலே போய் எதையெதைப் பார்ப்பது என்பதைப் பிள்ளைகளிடமே விட்டுவிட்டார்கள். சபாஷ்! பழைய காலண்டர் தாளைக் கிழித்துச் சீட்டு. ஏழாம் வகுப்புக்குப் போகப்போகும் மூத்தவள்தான் செயலாளர். நான் எட்டிப் பார்த்தேன். மூன்று சீட்டில் 'படகு'. ஒன்றில் 'பூச்சி தின்கிற செடி' என்று எழுதி, பக்கத்தில் கோரைப்பல் வைத்த பூ ஒன்றும் வரைந்திருந்தது. இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறை 1963-ல் தொடங்கிய ஆர்கிட் தோட்டம் அங்கே இருக்கிறது, அதில் குடுவைச் செடி உண்டு என்று பிள்ளைகளின் தாத்தா அப்புச்சி எப்போதோ சொல்லிவைத்ததன் வினை. மூன்று வயது வாண்டின் சீட்டில் ஒரு கோணல் கோடு மட்டும். என்னடா இது என்றால், "ஆனை."

ஏற்காட்டில் ஆனை இல்லை என்று அவனுக்குச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. காட்டெருமை உண்டு என்று பேச்சை மாற்றிவிட்டார்கள்.

லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட் என்று மலை விளிம்பில் பார்வைப் பாறைகள் இருப்பது பிறகுதான் பிள்ளைகளுக்குத் தெரிந்தது. "எங்க சீட்டுக்கு நாங்க போகாம வேற யாரு போறது?" நியாயம்தானே! பட்டியலில் ஏறியது. கிளியூர் அருவியைச் சின்ன மகள் கேட்டுப் பார்த்தார். "மே மாசத்துல அருவியில தண்ணி எங்கடி இருக்கும்? அந்தச் செங்குத்து இறக்கத்துல எறங்கி, வாண்டத் தூக்கிக்கிட்டு யாரு மேல ஏறி வர்றது?" என்றார் அம்மாயி. மருமகன்கள் இருவரும் நட்சத்திரங்களை எண்ண ஆரம்பித்தார்கள். அருவி ரத்து.

கடைசியில் நின்றவை நாலு: சேர்வராயன் கோயில் (அம்மாயியின் பங்கு, இதில் பேரம் கிடையாது), செடி, சீட், படகு. நடுவே அம்மாயி சொல்லச் சொல்ல மூத்தவள் எழுதிய ஒரு வரியைப் பாருங்கள்: 'மத்தியானம் 12 முதல் 2 வரை சும்மா இருப்பது.' சுற்றுலாத் திட்டங்களில் இவ்வளவு புத்திசாலித்தனமான வரியை நான் படித்ததே இல்லை.

இப்போது கீழே இறங்கி, கூடத்துக்கு வாருங்கள். காலை எங்கே வைக்கிறோம் என்று பார்த்து வையுங்கள். பைகள், துண்டுகள், ஒற்றைச் செருப்புகள், விக்ஸ் டப்பா, பாதி ஊதிய பந்து. பிள்ளைக்கு இரண்டு மாற்றுடை வீதம் பத்து ஜோடி. அதன்மேல் ஐந்து குரங்குக் குல்லாய்!

"அம்மா, இது மே மாசம்மா" என்று மூத்த மகள் கெஞ்சுகிறார். சேலத்தைவிட ஏற்காடு ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம் கூடுதல். வெப்பம் ஏழெட்டு டிகிரி குறையும், அவ்வளவுதான். டிகிரியெல்லாம் அம்மாயியிடம் செல்லுமா? "மலைக் காத்து காதுல பூந்தா யாரு ராத்திரி முழிச்சிருக்கறது? நீயா, நானா?" குல்லாய்கள் பைக்குள் போயின. மகள் அவற்றை எடுத்து வெளியே வைத்தார். அம்மாயி மறுபடி உள்ளே வைத்தார். கடைசியாகப் பார்த்தபோது அவை உள்ளேதான் இருந்தன.

அடுத்தது நடுப்பயல் பிரச்சினை. பழைய நாளாக இருந்தால் ஒரு கட்டு கேரிபேக்கை எடுத்துப் போட்டிருப்பார்கள். ஒருமுறை பயன்படுத்தி எறிகிற பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. மலையில் கண்டால் கட்டாயம் பிடுங்குவார்கள். தாய்மாமன் போய்ப் பரண்மேல் துழாவி, இறுக மூடுகிற பெயின்ட் டப்பா ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே கழுவி, அடியில் செய்தித்தாளை மடித்துப் போட்டு, வெளியே பயலின் பேரையும் மார்க்கரால் எழுதிவிட்டார்கள் அவனுடைய அன்பு அக்காமார்கள். பயலுக்கு ரோஷம். "நான் வாந்தியே எடுக்க மாட்டேன், பாருங்க!"

விடிகாலை மூன்று மணி. இந்த வீட்டின் அசல் மேடை சமையலறைதான். உள்ளே நுழைந்த நிமிஷமே என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு அடுப்பும் எரிகின்றன. மின்விசிறி போட்டால் நெருப்பு அலையும் என்று நிறுத்திவைத்திருக்கிறார்கள். மூத்த மகள் புளிக்காய்ச்சலைக் கிளறுகிறார்; நல்லெண்ணெய் பிரிந்து மேலே மிதக்கிறது, வறுத்த கடலை வாசம் தூக்குகிறது. சின்ன மகள் கொத்தமல்லிச் சட்னி அரைக்கிறார். அம்மாயி தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஆறின இட்லிக்கு இரண்டு பக்கமும் மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் தடவி, வாட்டிய வாழையிலையில் அடுக்குகிறார். மூன்று பேரின் முந்தானையும் இடுப்பில். நெற்றிப்பொட்டு மூவருக்குமே கரைந்துவிட்டது.

தயிர்சாதத்தின் சூட்சுமத்தை இங்கேதான் பார்த்தேன். தயிர்சாதத்தில் தயிரே இல்லை! குழைய வடித்த சோற்றில் காய்ச்சி ஆறவைத்த பாலை ஊற்றிப் பிசைந்து, உறைக்கு ஒரு கரண்டி தயிர் மட்டும். "மலை மேல போயி மத்தியானம் தொறந்தா அப்பத்தான் தயிராயிருக்கும். இங்கயே தயிர ஊத்தினா, பன்னெண்டு மணிக்குப் புளிச்சு நாக்க இழுக்கும்" என்றார் அம்மாயி. எத்தனை தலைமுறை வெயில் கற்றுக்கொடுத்த பாடம்!

சேலத்துக்காரர்கள் தட்டுவடை செட் இல்லாமல் ஊர் எல்லையைத் தாண்டுவார்களா? கலந்து எடுத்துப்போனால் நமத்துவிடும் என்று எல்லாம் தனித்தனி டப்பா. தட்டுவடை ஒன்றில், துருவிய காரட்டும் பீட்ரூட்டும் ஒன்றில், சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி, வெங்காயம். கடை அப்படியே வேனில் ஏறுகிறது. நாலு மணிக்குக் காபி கேட்டு எட்டிப்பார்த்த மூத்த மருமகனின் கையில் பீட்ரூட்டும் துருவியும் திணிக்கப்பட்டன. அடுத்த ஐந்து நிமிடத்தில் விரலெல்லாம் சிவப்பாக, கொலைக் கேஸில் சிக்கியவர் மாதிரி முற்றத்தில் நின்றார். உள்ளே மூன்று பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

எல்லாம் கட்டி முடித்ததும், சின்ன மகள் அடுப்பிலிருந்து இறக்கிய கடைசி ஈட்டில் ஒரு இட்லியை எடுத்து, நின்றபடியே ஊதி ஊதித் தின்றார். "இன்னைக்கு நான் சூடா திங்கறது இது ஒண்ணுதான்" என்றார் என்னிடம். ஏரிக்கரைப் படத்தில் இது தெரியவே தெரியாது.

ஐந்தே காலுக்கு டெம்போ டிராவலர் தெருமுனையில் வந்து நின்றது. நான் ஓட்டுநரைப் பிடித்துக்கொண்டேன். மலை வண்டி ஓட்டியே தலை நரைத்தவர். டிக்கியைத் திறந்து தன் கருவூலத்தைக் காட்டினார்: ஒரு கட்டுப் பழைய பேப்பர், மரத்தூள் மூட்டை, இருபது லிட்டர் தண்ணீர்க் கேன், டெட்டால், எலுமிச்சம்பழம் பத்து. "எலுமிச்சம்பழம் சக்கரத்துக்கு வைக்கவா?" என்றேன். "சக்கரத்துக்கு நாலு. மீதி மோந்து பாக்கறவங்களுக்கு" என்றார்.

அவருடைய விசாரணை ஒரு மருத்துவருடையதைவிடக் கறார். "பசங்களுக்குப் பால் குடுத்தீங்களாம்மா?" இல்லை. "பூரி?" இல்லை, இரண்டிரண்டு இட்லிதான். "வெறும் வயிறாவும் வரக்கூடாது, வயிறு முட்டவும் வரக்கூடாது. போன் யாரும் பாக்கக்கூடாது. வெளிய தூரமாப் பாருங்க, அவ்வளவுதான்." நடுப்பயலை முன்சீட்டில் உட்காரவைத்து, பெல்ட்டை மாட்டி, வேலையும் கொடுத்துவிட்டார்: ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பலகையில் இருக்கிற எண்ணைச் சத்தமாகப் படிக்க வேண்டும். பயலின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நேற்றுவரை பெயின்ட் டப்பா. இன்றைக்கு உதவி ஓட்டுநர்.

அடிவாரத்தில் கற்பூரம், ஒரு நிமிட அமைதி, பிறகு ஏற்றம். ஜன்னல் எல்லாம் திறந்தாகிவிட்டது. "ஒண்ணு!" என்று முன்னாலிருந்து கூவல். "ரெண்டு!" ஐந்தாவதிலிருந்து வண்டியே சேர்ந்து கூவியது. மேலிருந்து இறங்கிய கார்கள் ஒதுங்கி நின்று நமக்கு வழிவிட்டன. ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை, மலையின் சட்டம் அது. ஒவ்வொரு திருப்பத்திலும் சேலம் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதானது. பதின்மூன்றாம் வளைவில், இதுவரை சத்தமே வராத கடைசி சீட்டிலிருந்து ஒரு முனகல் வந்தது. மூத்த மருமகன்! தெரிந்த வழியை மேப்பில் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். "டப்பா! டப்பா!" என்று பின்வரிசை அலறியது. எழுதிய பேர் வேறு, பயன்பட்டது வேறு.

நடுப்பயல் திரும்பிப் பார்த்தான். மகா பெருந்தன்மையுடன் சொன்னான்: "பரவால்ல பெரியப்பா, வெச்சுக்கங்க." மாமியார் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார், வருத்தத்தில் என்றுதான் எல்லாரும் நம்பினோம். எலுமிச்சம்பழம் கைமாறிக் கைமாறிப் பின்னால் போனது.

மேலே வந்தாயிற்று. சேர்வராயன் கோயில் ஒரு குகை. வாசலில் குனிந்தே ஆக வேண்டும். வெளியே மொட்டைக் குன்றில் அடித்த காற்றில் வாண்டு ஓட, பின்னால் அவன் அம்மா ஓட, அவர் பின்னால் குல்லாயுடன் அம்மாயி ஓட, கும்பிட்டதைவிடத் துரத்தியதே அதிகம். ஆர்கிட் தோட்டத்தில் பூக்களுக்கு இரண்டு நிமிடம், குடுவைச் செடிக்கு இருபது நிமிடம். செத்த ஈ ஒன்றைக் கொண்டுபோய் அதற்கு ஊட்டிவிட முயன்றவர் யாரென்று நான் காட்டிக்கொடுக்க மாட்டேன். சில்ட்ரன்ஸ் சீட்டில் பிள்ளைகள் உட்கார்ந்த நேரம் மிகக் குறைவு. பெரியவர்கள்தான் அங்கே நிம்மதியாக உட்கார்ந்தார்கள்.

பிறகு அந்தப் பொன்னான வரி, 'சும்மா இருப்பது'. சில்வர் ஓக் மர நிழலில் பாய் விரிந்தது. தயிர்சாதப் பாத்திரத்தைத் திறந்தார்கள். கெட்டியாக, துளிப் புளிப்பில்லாமல் உறைந்திருந்தது! அம்மாயி என்னை ஒரு பார்வை பார்த்தார். குரங்குகள் கிளைக்குக் கிளை நெருங்கி வந்தன. தாய்மாமன் ஒரு குச்சியோடு காவல். 'குரங்குக்கு உணவிடாதீர்' என்று வனத்துறை பலகையே வைத்திருந்தாலும், தட்டுவடை ஒன்று மேலே பறந்ததை நான் பார்த்தேன்.

இங்கேதான் அப்புச்சியின் நிகழ்ச்சி. ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார். காலையில் கண்ணாடி முன்னால் அவர் ஒத்திகை பார்த்ததைக்கூட நான் ஒட்டுக்கேட்டிருந்தேன். "இந்த மலைக்குக் காபிச் செடி எப்படி வந்துச்சு தெரியுமா? 1820-கள்ல சேலத்துல கலெக்டரா இருந்த எம்.டி. காக்பர்ன்னு ஒரு வெள்ளைக்காரர்..." காக்பர்ன் காபியை நடுவதற்குள் நாலு பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். இளைய மருமகனும்தான். விழித்திருந்தது நடுப்பயல் ஒருவன். "அவருக்கு வாந்தி வந்துச்சா அப்புச்சி?" என்று கேட்டான். அப்போது சாலையே கிடையாதே, குதிரையிலும் நடந்தும்தானே ஏறியிருப்பார் என்று யோசிக்க ஆரம்பித்த அப்புச்சிக்கு அதற்குமேல் பாடம் ஓடவில்லை. இருவரும் அதையே ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு மணிக்கு மழை வந்தது. கோடை மழை, திமுதிமுவென்று. எல்லாரும் ஏரியோரத்து பஜ்ஜிக்கடைக் கூரைக்குள் ஒண்டினார்கள். ஐந்து குல்லாய்களும் ஐந்து தலையில் ஏறின. மூத்த மகள் ஒன்றும் பேசவில்லை.

நான் நைசாகக் கடைக்குப் பின்புறம் நழுவினேன். வாருங்கள், நீங்களும்! ஊரே சப்புக்கொட்டும் மிளகாய் பஜ்ஜி பிறக்கிற இடம். கவிழ்த்த வாளிமேல் ஒரு அக்கா உட்கார்ந்து, விரல் நீளத்துக்கும் மேலான பஜ்ஜி மிளகாய்களைக் கீறி, விதையைச் சுண்டித் தள்ளிக்கொண்டிருந்தார். கையெல்லாம் எரியாதா? "எரிஞ்ச காலமெல்லாம் போயிருச்சு. வீட்டுல பையனுக்குக் கண்ணு தொடைக்கறதுதான் இல்ல" என்று சிரித்தார். பக்கத்தில் ஓமம் போட்ட கடலைமாவு ஒரு அண்டா. மழை வந்தால் அவர்களுக்குத் தீபாவளி: முன்னாலிருந்து "இன்னும் ரெண்டு தட்டு!" என்று குரல் வர வர, அடுப்புக்காரர் ஒற்றைக் கையால் மாவில் தோய்த்து மறு கையால் திருப்புகிறார்; வேர்வை வழியாமலிருக்க நெற்றியில் துண்டு. நாலு பஜ்ஜியை எனக்கு அங்கேயே தந்தார்கள். கொதிக்கக் கொதிக்க, மழையைப் பார்த்துக்கொண்டு! முன்னால் உட்கார்ந்து தின்றால் இந்த ருசி வராது என்று அடித்துச் சொல்வேன்.

மழை விட்டதும் படகு, வரிசையும் குறைந்திருந்தது. அந்த ஒரு படமும் எடுத்தாயிற்று. வாண்டு மட்டும் கேமராவைப் பார்க்கவில்லை. ஆனை வருகிறதா என்று ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிட்டோம். "எந்த கியர்ல ஏறுனமோ அதே கியர்லதான் எறங்கணும், பிரேக்க நம்பி எறங்கறவன் டிரைவரே இல்ல" என்றார் ஓட்டுநர். மூத்த மருமகன் போனை மனைவியின் கைப்பையில் ஒப்படைத்துவிட்டு, கண்ணிமைக்காமல் தூரத்து மலைகளையே பார்த்தபடி வந்தார். டப்பாவுக்கு வேலை வரவில்லை.

நீங்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்புவதாக இருந்தால் ஒன்று சொல்கிறேன். மே மாதத்தில் ஏற்காடு கோடை விழா நாட்களை விட்டுத் தள்ளிப் போங்கள். அந்தக் கூட்டத்தில் சாலையை ஒருவழியாக்கி, இறங்குகிற வண்டிகளைக் குப்பனூர் பக்கம் திருப்பிவிட்டதுண்டு; பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த நெரிசல் வேண்டாம். வாரநாளாகப் பாருங்கள், ஆறு மணிக்கு அடிவாரத்தைத் தாண்டிவிடுங்கள். முந்தின ராத்திரி சமையலறையில் யாராவது பீட்ரூட் துருவச் சொன்னால் மறுபேச்சில்லாமல் துருவிக்கொடுங்கள்.